மாதிரி வரி

கோப்பு லிஸ்பனுக்குப் போய்விட்டது. போனதென்னவோ நேற்றுச் சாயங்காலம். அதற்குள் என்ன போயிருக்கிறது என்று மகுடபதிக்கு உறைத்தது இன்று மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, துடைத்தும் துடைக்காத விரலால் தன் எழுத்துருவைக் கைபேசியில் ஏற்றிப் பார்த்தபோதுதான். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் திறந்தது. வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி வரி. அவருடையதற்குக் கீழே இருந்த வரி: மூன்று நாளாய் என் குரலை நானே கேட்கவில்லை. முதலில் அவர் பார்த்தது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், 'ன்' தலையில் புள்ளி நடுவாக உட்கார்ந்திருக்கிறதா என்று. உட்கார்ந்திருந்தது. 'மூ'வின் வால் பக்கத்து எழுத்தை இடிக்கிறதா என்று பார்த்தார். இடிக்கவில்லை. 'லை' இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்கிறது, சபாஷ் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அப்புறம் கண் மூன்றாம் தடவையாக அதே வரியில் ஓடும்போதுதான் அது எழுத்தாக இல்லாமல் வாக்கியமாக வந்து விழுந்தது. ஐயோ, இது அதல்லவா. இதை நான்தானே எழுதினேன். எடுத்துவிட்டேன் என்றல்லவா நினைத்தேன். எடுக்கவில்லை. எடுக்க நினைத்ததையே எடுத்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், மடையன், ஐம்பத்தேழு வயது மடையன்.

வெளியாட்களுக்கு எழுத்துரு என்றால் அ, ஆ, இ, அவ்வளவுதான். உள்ளே ஒரு குடித்தனமே நடக்கிறது. எழுத்துகளின் படங்கள் ஒரு பக்கம். எந்த எழுத்தோடு எது சேர்ந்தால் என்ன உருவமாக மாற வேண்டும் என்ற விதிகள் ஒரு பக்கம். 'க'வும் உகரமும் தனித்தனியாக வந்தாலும் படியில் கால் வைத்ததும் 'கு'வாகிவிட வேண்டும், கொம்பைப் பின்னால் தட்டினாலும் அது எழுந்து முன்னால் போய் நிற்க வேண்டும். எந்த இரண்டு எழுத்துக்கு நடுவில் எவ்வளவு இடம் என்ற பட்டியல் இன்னொரு பக்கம். இதெல்லாம் போக மூலையில் பட்டா மாதிரி ஒரு சின்னப் பதிவேடு: எழுத்துருவின் பெயர், செய்தவர் பெயர், ஆண்டு, உரிமை. அந்தப் பதிவேட்டில் பத்தொன்பதாம் எண் இடம் மாதிரி வரிக்கு. நிறையப் பேர் அதைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். கைபேசி நிறுவனம்தான், காலியாக விடக் கூடாது, இதைப் போடுங்கள் என்று ஒரு வரி அனுப்பியிருந்தது: நல்ல எழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சி. கண்ணாஸ்பத்திரிப் பலகை மாதிரி இருக்கிறதே என்று மகுடபதி வடவள்ளி வீட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டார். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார். அதுவரை சோதனைக்கு அந்த இடத்தில் இருந்தது அவருடைய வரி. அடுத்தவன் எழுத்துருவில் அரை மயிரிழை தப்பைக்கூடக் கண்டுபிடித்து மூன்று பக்கம் எழுதி அனுப்புகிற மனுஷன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. விழுந்தாயிற்று. இன்று நாலரை மணிக்கு, லிஸ்பனில் அப்போது பகல் பதினொன்று, இனேஸ் என்ற பெண் கடைசிக் கோப்பைப் பூட்டிக் கைபேசி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவாள். அப்புறம் அது சில கோடிக் கைபேசிகளுக்குப் போகும். அதில் ஒரு கைபேசி அவர் மனைவி வசந்தாமணியுடையது.

இனேஸுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால் தீர்ந்தது, அதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். அவரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். பத்து வருஷமாக அந்த லிஸ்பன் கம்பெனிக்குத்தான் வேலை. இனேஸை நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவளுடைய பூனையைத் தெரியும், திரையில் வாலை ஆட்டிக்கொண்டு போகும். நல்ல பெண். ஆனால் ஒப்படைக்கிற நாளில் அவளிடம் நேரே சொல்லி எதையும் மாற்ற முடியாது, படிவம் ஒன்று இருக்கிறது, அதை நிரப்பினால்தான் பூட்டு திறக்கும். மூன்று கட்டம். பழையது என்ன, ஆங்கிலத்தில் அதன் பொருள் என்ன. புதியது என்ன. மாற்றக் காரணம் என்ன. முதல் கட்டத்தில் தமிழ் வரியை ஒட்டினார். அதன் பக்கத்தில் பொருளை ஆங்கிலத்தில் தட்டினார். தட்டி முடித்ததும் கை நின்றுவிட்டது. தமிழில் இருந்தபோது அதற்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. ஒரு புள்ளி, ஒரு கொம்பு, ஒரு சுழி என்று ஏதாவது ஒன்றின் பின்னால் நின்றுகொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்த வரி துண்டைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி நின்றது. அழித்தார். திரும்பத் தட்டினார். மூன்று நாளை எடுத்துவிட்டு 'சில நாள்' என்று போட்டுப் பார்த்தார், அது இன்னும் மோசம். சரி, காரணம்? என்ன தப்பு இந்த வரியில்? எழுத்துத் தப்பு இல்லை. இடைவெளித் தப்பு இல்லை. நிறுவனத்தின் பெயர் கெடுகிற சங்கதி எதுவும் இல்லை. இது நிஜம், அதனால் மாற்ற வேண்டும் என்று எந்தப் படிவத்தில் எழுத முடியும்? மணி இரண்டேகால். அதற்குள் என்ன அவசரம் என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

நிஜமா என்று ஒரு தடவை சரிபார்க்கத்தான் வேண்டும், சோதனைக்காரன் புத்தி எங்கே போகும். அந்த வரியை எழுதியது போன மாசம், பேரனுக்குக் காய்ச்சல் அடித்த வாரத்தில். சிங்கப்பூரிலிருந்து வசந்தாமணி அன்றாடம் நாலு மணிவாக்கில் கூப்பிடுவாள். அந்த வாரம் கூப்பிடவில்லை, 'தம்பிக்குக் காய்ச்சல் பேச முடியாது' என்று செய்தி மட்டும் வந்தது. சரி என்று இவரும் செய்தியே அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசவில்லை. திங்கள்கிழமை காஸ் சிலிண்டர் வந்தது, அந்தப் பையன் எண்ணைக் கேட்டான், இவர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார், அவன் பார்த்துக்கொண்டான். அங்கேயும் வாய் திறக்க வேலையில்லை. காய்கறி வண்டிக்காரன் முன்னெல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவான், இப்போது அவனும் தன் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் கட்டிவிட்டான். வண்டி பாட்டுக்குப் பேசுகிறது, இவன் பாட்டுக்கு எடை போடுகிறான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றார், இவர் தலையை ஆட்டினார், அவரும் ஆட்டினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்து தொட்டி நிரம்பி வழிந்தபோது 'அடடா' என்று சொல்ல வாயெடுத்தார், தொண்டையில் கோழை கட்டி அது வெறும் காற்றாக வெளியே வந்தது. அந்தக் காற்றைக் கேட்டு அவருக்கே திக்கென்றது. உள்ளே வந்து உட்கார்ந்து அன்றைய சோதனை வரியாக அதைத் தட்டினார். 'மூ' வருகிறது, 'ன்று' வருகிறது, கொம்பு முன்னால் நகர வேண்டிய 'லை' இரண்டு தடவை, 'னே', 'கே', ஐந்து புள்ளி. வேண்டிய சோதனை எல்லாம் ஒரே வரியில் அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். எழுத்துக்காகத்தான் எழுதினேன் என்று அப்போது நம்பினார். இப்போதும் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லுவார், ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை, அதுதானே விஷயம்.

வசந்தாமணி போனது மூன்று மாசத்துக்கு. மகள் மோகனாவுக்குத் தலைப்பிரசவம், ஊருக்கு வர முடியாது, ஆபீசில் லீவு கிடையாது, அம்மா போகாமல் வேறு யார் போவது. ஏற்றிவிட இவரும் விமான நிலையம் போனார். மூன்று மாசம் ஆனது. தம்பி குப்புற விழட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். குப்புற விழுந்தான். உட்காரட்டும் என்றாள். உட்கார்ந்தான். அப்புறம் தவழ்ந்தான், எழுந்து நின்றான், பிடித்துக்கொண்டு நடந்தான், ஒவ்வொன்றுக்கும் வீடியோ வந்தது. இப்போது ரெண்டு பேச்சு வரட்டும் என்கிறார்கள். அவனுக்குப் பேச்சு வருவதற்குள் எனக்குப் பேச்சு போய்விடும் போலிருக்கிறது என்று ஒரு நாள் வேடிக்கையாகச் சொல்ல நினைத்து, அது வேடிக்கையாகக் கேட்காது என்று விட்டுவிட்டார். யார் மேல் குற்றம் சொல்வது? சண்டை போட்டுக்கொண்டு போனவளா? பெற்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள். வடவள்ளியில் இந்தத் தெருவிலேயே நாலு வீட்டில் இதே கதைதான், நாலு வீட்டிலும் ஆம்பிளைகள் குக்கரில் ஒற்றை டம்ளர் அரிசி வைத்துக்கொண்டு, எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பதினாலு மாசம். இந்த எழுத்துருவையும் அந்தப் பதினாலு மாசத்தில்தான் செய்தார். இப்போதெல்லாம் மெல்லிசு ஒன்று, தடிமன் ஒன்று என்று தனித்தனிக் கோப்பு கிடையாது, எல்லாம் ஒரே கோப்பு. மிக மெல்லியதையும் மிகத் தடித்ததையும் மட்டும் மனுஷன் வரைந்தால் போதும், நடுவில் இருக்கிற நூறு தடிமனையும் இயந்திரமே கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டு கோடியிலும் கோட்டைத் தாங்கும் புள்ளிகள் ஒரே எண்ணிக்கையில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு புள்ளி மாறினாலும் நடுவில் எழுத்து கசங்கிவிடும். அவள் போன நாள் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, பச்சைச் சேலை, பெட்டியில் கயிறு, தலைக்குத் தேய்க்க அரப்புத்தூள் பொட்டலம். அவள் வரப்போகிற நாளும் மனதில் தெளிவாக இருக்கிறது. நடுவில் இருக்கிற நாட்களை யாரும் வரையவில்லை, அவை பாட்டுக்குக் கணக்கில் வந்து கணக்கில் போகின்றன, நேற்றுக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் தடிமனில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தால் அதிகம்.

மணி இரண்டு ஐம்பது. படிவம் அப்படியே திறந்து கிடந்தது. வேறு காரணம் தேடலாம் என்று சரிபார்ப்புப் பட்டியலைத் திறந்தார். தமிழ் தெரிந்தவர்கள் பார்வையிட வேண்டும் என்று இந்தத் தடவை கனடாவில் ஒரு பெண்ணை நியமித்திருந்தார்கள், அருட்செல்வி என்று பெயர், இவர் பேசியதில்லை. நூற்றுப் பதினாறு இனங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் குறி போட்டிருந்தாள். மாதிரி வரி என்ற இடத்துக்கு வந்தார். சரி, என்று பச்சைக் குறி. பக்கத்தில் குறிப்பு: இயல்பான வாக்கியம், இடைவெளி நன்று. மகுடபதி அதை நாலைந்து தடவை படித்தார். இயல்பான வாக்கியம். தமிழ் தெரிந்த ஒரு ஜீவன், டொராண்டோவிலோ எங்கோ உட்கார்ந்து இந்த வரியைப் படித்திருக்கிறது, படித்துவிட்டு இடைவெளி நன்று என்று எழுதியிருக்கிறது. கோபம் வந்தது. என்ன பெண் இவள், ஒரு மனுஷன் மூன்று நாளாய்த் தன் குரலைக் கேட்கவில்லை என்கிறான், யாரப்பா நீ, நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதா? உடனே கோபம் தன் மேலேயே திரும்பியது. நான் மட்டும் என்ன கேட்டேன்? அதே வரியை இன்று மூன்று தடவை பார்த்த பிறகுதானே எனக்கே அது வாக்கியமாகத் தெரிந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒருத்தனும் எதையும் படிப்பதில்லை, பார்க்கத்தான் பார்க்கிறோம். அதுவும் அவள் பார்த்தது சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அந்த இடைவெளிக்கு அவர் எட்டு நாள் உழைத்தார். எழுத்துக்கு எழுத்து ஒரே தூரம் வைத்தால் கண்ணுக்கு ஒரே தூரமாகத் தெரியாது, 'ட'வுக்கு அடுத்து 'க' வந்தால் கொஞ்சம் இழுத்து விட வேண்டும், 'ர'வுக்கு அடுத்து 'ல' வந்தால் தள்ளி வைக்க வேண்டும், ஒவ்வொரு சோடிக்கும் தனி எண். அதிகம் நெருங்கினால் கறை மாதிரி ஆகும், அதிகம் விலகினால் ஒரே வார்த்தை இரண்டாகப் பிய்ந்துவிடும். பிய்ந்தது படிக்கிறவனுக்குத் தெரியாது, என்னவோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். வடவள்ளிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் அப்படி என்ன எண் போட முடியும்? இரண்டரை மணி நேர வித்தியாசம், நாலு மணி நேர விமானம். சாயங்காலம் கால் மணி நேரம் பேசுகிறோம். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிஷம் தம்பி என்ன செய்தான் என்பது. மீதி மூன்று நிமிஷம் சோறு உண்டாச்சா என்பது. வார்த்தை பிய்ந்துகொண்டிருக்கிறதா, அல்லது இதுதான் அளவான இடைவெளியா, அவருக்குத் தெரியவில்லை.

வியர்த்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்தார். நினைத்துப் பார்க்கப் பார்க்கப் பயம் ஒழுங்காக வரிசை கட்டி வந்தது. வசந்தாமணியின் கைபேசி மோகனா வாங்கிக் கொடுத்தது, இதே நிறுவனத்தினுடையது. 'அம்மா, அப்பாவோட எழுத்து வந்துருச்சும்மா' என்று மகள் முதல் நாளே ஏற்றிக் காட்டுவாள், அவளுக்கு அப்பா என்றால் பெருமை. இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் அந்த வரி. மோகனா முதலில் சிரிப்பாள், யார் இந்த மாதிரி எல்லாம் எழுதுவது என்று. வசந்தாமணி சிரிக்க மாட்டாள். அவளுக்கு இவர் எழுத்தும் தெரியும், எண்ணமும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி காதில் விழாமல் அழுகிறவள் அவள். அப்புறம் கேள்விப்பட்டவர்கள், மைத்துனன், அவன் மனைவி, கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, என்ன மாப்ளே, கோடிப் பேருக்குத் தெரியற மாதிரி ஒப்பாரி வெச்சுட்டீங்களாமா என்பார்கள். பெண்டாட்டி பேரன் பார்க்கப் போனதுக்கு இந்தக் கூத்தா என்பார்கள். மானம் போகும். சரி, மானம் போகும், அதற்காகத்தானே மாற்ற வேண்டும். பின் ஏன் இந்த விரல் அந்தக் கட்டத்தில் எதையும் தட்ட மாட்டேன் என்கிறது? ஏனென்றால், என்று மகுடபதி யோசனையை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தார், ஏனென்றால் அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அவ்வளவுதான். வாயால் சொல்ல வக்கில்லாதவன் கோடிக் கைபேசி வழியாகச் சொல்லப் பார்த்திருக்கிறேன். மறந்து விட்டேனா, மறக்கிற மாதிரி விட்டேனா, அது அந்தப் பழனி மலை முருகனுக்குத்தான் வெளிச்சம். தனியாக இருக்கிறது. ரொம்பத் தனியாக இருக்கிறது. பட்டினி கிடந்தால் நாலு பேரிடம் சொல்லலாம், காய்ச்சல் என்றால் சொல்லலாம், தனியாக இருக்கிறது என்று ஐம்பத்தேழு வயதில் யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் ஒரு நாய் வளர்த்துங்க என்பார்கள்.

ஒவ்வொரு எழுத்துருவிலும் முதல் உருவம் 'அ' இல்லை. அதுவும் வெளியாட்களுக்குத் தெரியாத சங்கதி. முதல் உருவம் ஒரு வெற்றுக் கட்டம். பூஜ்யம் என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கும். யாராவது ஒரு எழுத்தைக் கேட்டு, அந்த எழுத்து இந்த எழுத்துருவில் இல்லையென்றால், அந்தக் கட்டம் வந்து நிற்கும், கட்டம் கட்டமாத் தெரியுது என்று சனங்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். அதையும் ஒருவன் உட்கார்ந்து வரையத்தான் வேண்டும், அதற்கும் அகலம் உண்டு, உயரம் உண்டு, கோட்டின் தடிமன் உண்டு. இல்லாததற்கும் ஓர் உருவம் வேண்டியிருக்கிறது. வெறும் இடமாக விட்டுவிட்டால் இங்கே ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறேன் என்று தினம் நாலு மணிக்குச் சொல்கிறேனே, அது வெறும் இடம். ஒரு கட்டமாவது காட்டியிருக்கலாம். மூன்றரை. மூன்று ஐம்பது. புதியது என்ன என்ற கட்டத்தில் கண்ணாஸ்பத்திரி வரியை ஒட்டினார். காரணம் என்ற கட்டத்தில் கர்சர் மினுக் மினுக் என்று நின்றது. காரணம்: தவறுதலாக, என்று தட்டினார். அழித்தார். காரணம்: பொருத்தமில்லை. அழித்தார். அப்போது கைபேசி அடித்தது, வசந்தாமணி, வழக்கத்தைவிட ஐந்து நிமிஷம் முன்னால்.

"சோறு உண்டாச்சுங்களா?"

"ஆச்சு."

"என்ன பண்ணுனீங்க?"

"அரிசிம்பருப்பு."

"நேத்தும் அதுதானுங்களே?"

"நேத்துப் பண்ணுனதுதான்." தன் குரல் கரகரப்பாக இருப்பது அவருக்கே கேட்டது, கனைத்துக்கொண்டார்.

"தம்பி இப்பத்தான் கண்ணசந்தான். பாப்பா வர ஏழு மணி ஆகும்." பாப்பா என்றால் மோகனா, அவள் பிள்ளை பெற்ற பிறகும் பாப்பாதான். "வேலை முடிஞ்சுதுங்களா? நேத்தே அனுப்பிப் போட்டேன்னு சொன்னீங்க."

"அனுப்பீட்டேன். ஒரு வரி மட்டும் தப்பாப் போயிருச்சு. மாத்தோணும்."

"என்ன வரி?"

ஒண்ணுமில்லை என்று சொல்லலாம். வாயில் அதுதான் தயாராக இருந்தது, பதினாலு மாசப் பழக்கம், தானாக வந்து முன்னால் நிற்கும். என்ன வரி என்று அவள் கேட்டது கூடச் சும்மா கேட்டதுதான், அங்கே அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்கிறது, பாதிக் காது அங்கே இருக்கும், கண்ணாஸ்பத்திரி வரியைச் சொன்னால் சரியென்று விட்டுவிடுவாள். சொல்லிவிட்டால் இனி எடுக்க முடியாது, பூட்டு திறக்கப் படிவம் எல்லாம் இதற்குக் கிடையாது. அவள் மனசு உடைந்து அடுத்த வாரமே டிக்கெட் போட்டுவிட்டால், அங்கே மோகனா குழந்தையை யாரிடம் விட்டு வேலைக்குப் போவாள்? சுயநலக்காரன் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் நாளைக்கு நாலு மணி, நாளன்றைக்கு நாலு மணி, தம்பிக்கு ரெண்டு பேச்சு வரட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும். மகுடபதி திரையைப் பார்த்தார். பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பையன் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

"மூன்று நாளாய் என் குரலை நானே கேட்கவில்லை."

இணைப்பு போய்விட்டதென்று நினைத்தார். "இருக்கியா?"

"இருக்கறனுங்க." அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "யாரு எழுதுனது?"

"எழுத்துப் பாக்கறதுக்கு நான்தான் எழுதுனேன். சும்மா. 'மூ' வருது, 'லை' வருது, புள்ளி வருது பாரு, அதுக்கோசரம்..."

"எந்த மூணு நாளுங்க?"

"தம்பிக்குக் காச்சல் அடிச்சுதே. அப்ப."

"அது போன மாசம். நெசமா மூணு நாள்தானுங்களா?" என்றாள்.

அவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, நிஜம் சொல்லவும் வரவில்லை.

"நாளாப்பொழுதும் கேக்கறேன், நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னுதான சொல்றீங்க," என்றாள். குரல் உடைந்தது போலிருந்தது, குழந்தைக்காகத் தாழ்த்திப் பேசியதாகவும் இருக்கலாம். "அத மாத்தீருங்க. பாப்பா பாத்தா அழுதே போடுவா. என்னாலதான் அப்பாவுக்கு இப்படின்னு நெனச்சுக்குவா."

"மாத்தத்தான் போறேன்."

"ம்." உள்ளறையில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. "எந்திரிச்சுட்டான். வெக்கறனுங்க. ஏனுங்க..."

"சொல்லு."

"எனக்கு மட்டும் அத அப்படியே அனுப்பி வையுங்க."

வைத்துவிட்டாள். மகுடபதி கைபேசியைக் கீழே வைத்தார். நாலு மணி ஐந்து நிமிஷம். காரணம் என்ற கட்டத்தில் இப்போது விரல் தயங்கவில்லை: இந்த வரி ஒருவருக்காக எழுதியது, அவரிடம் சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது அப்படி ஒன்றும் வெட்கமாகத் தெரியவில்லை. அனுப்பினார். இனேஸ் என்ன நினைத்தாளோ, ஒன்றும் கேட்கவில்லை. ஏழெட்டு நிமிஷத்தில் புதுக் கோப்பு பூட்டப்பட்டது என்று செய்தி வந்தது, கட்டைவிரல் படம் ஒன்று கூடவே. ஆக, உலகத்துக்கு இனி கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அப்புறம் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தார். பழைய கோப்புதான் இன்னும் அதில் இருந்தது. திரையைப் படம் பிடித்தார், மேலேயும் கீழேயும் மற்ற எழுத்துருக்களை வெட்டிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் வசந்தாமணிக்கு அனுப்பினார். கூட ஏதாவது எழுதலாமா என்று பார்த்தார், எழுத ஒன்றும் இல்லை. இரண்டு குறி விழுந்தது, நீலமாகவில்லை. குழந்தைக்கு முகம் கழுவிக்கொண்டிருப்பாள். பால் காய்ச்சுவாள். நாளைக்குத்தான் பார்ப்பாளோ என்னவோ. எதற்கு அனுப்பச் சொன்னாள்? வைத்து அழுவதற்கா? அனுப்பியிருக்கக் கூடாதோ, சொல்லியே இருக்கக் கூடாதோ என்று மனசு திரும்பவும் பழைய தடத்தில் சுற்ற ஆரம்பித்தபோது குறி நீலமாயிற்று. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது. அவளுக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித்தான் தட்ட வரும். நாலரை ஆகிவிட்டது, லிஸ்பனில் எல்லாம் முடிந்திருக்கும், அதைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. செய்தி வந்தது: இங்க எல்லாரும் அம்மாங்கறாங்க. லிப்டுல பாக்கறவங்க ஆண்ட்டிங்கறாங்க. என்ற பேரச் சொல்லிக் கூப்பட ஒரு ஆளில்லீங்க. பதினாலு மாசமாச்சு.

மகுடபதி அதைப் படித்தார். கல்யாணமான புதிதில் அவரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மோகனா பிறந்த பிறகு அது 'ஏம்மா' ஆகி, அதுவும் தேய்ந்து, போனில் இப்போதெல்லாம் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, அவள் எடுத்ததும் 'ம், சொல்லு' என்பதோடு சரி. பதினாலு மாசம் என்று அவள் எழுதியிருக்கிறாள், மரியாதைக்குக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறாள். அவராகவே அவளுக்குக் கூப்பிட்டார். இந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. நாலைந்து மணி அடித்து எடுத்தாள், பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"என்னாச்சுங்க?" பயந்துபோன குரல்.

"வசந்தாமணி," என்றார்.

வெறும் வீட்டில் அந்தப் பேர் சத்தமாகக் கேட்டது. அவள் "ம்," என்றாள்.

"சும்மாதான் கூப்பிட்டேன்."

"செரிங்க," என்றாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. இரண்டு பேரும் வைக்கவில்லை.